எமேர்சன் கண்ட இங்கிலாந்து

அயல்நாடு செல்வோர் பெரும்பாலும் இரு வகையினர். ஒரு சாரார் கண்டதையெல்லாம் கண்டு மலைத்து, தம்மையே மறந்துவிடுவர். மற்றொரு சாரார் எதைக் கண்டாலும் தம்மூர்ப் பெருமை பேசி, போனபடியே திரும்பிவிடுவர். இவ்விரு வழியிலுஞ் செல்லாமல், கண்டதை நடுநின்று நிறுத்துப் பார்த்து, கொள்ளத்தக்கதைக் கொண்டு, தள்ளத்தக்கதைத் தள்ளித் தம் நாட்டுக்குப் பயன்பட மீண்டவர் சிலரே. அச் சிலருள் ஒருவர் அமெரிக்க ஞானி றால்ப் வால்டோ எமேர்சன். அவருடைய வாழ்க்கையை, சிறப்பாக அவர் இங்கிலாந்திலே வதிந்த காலத்தை, நம் இளைஞர் அறிந்துகொள்வது நன்று. தம் முன்னோரின் நாடும், ஒரு காலத்தில் தம் நாட்டை ஆண்ட நாடுமான இங்கிலாந்தை அவர் அச்சமுமின்றி வெறுப்புமின்றி நோக்கினார். நம் சமய நூலாகிய பகவத்கீதையை நெஞ்சார நேசித்தவரும் அவரேயாவர்.

இளமையும் துயரும்

எமேர்சன் 1803ஆம் ஆண்டு மே மாதம் 25ஆந் திகதி அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலே பிறந்தார். தந்தையார் ஒரு கிறிஸ்தவ போதகர். எமேர்சன் எட்டு வயதை எட்டுமுன்னரே, 1811இல், தந்தையார் காலமானார். தாயார் வாடகைக்கு ஆட்களை வீட்டில் வைத்துச் சாப்பாடு போட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். குளிர்காலத்தில் எமேர்சனும் ஒரு சகோதரரும் ஒரே மேலங்கியை முறை வைத்து அணிந்தனர் என்பர். வறுமை படிப்பைத் தடுக்கவில்லை. 1817இல் ஹார்வாட் கல்லூரியிற் சேர்ந்து, கல்லூரித் தலைவருக்கு ஏவலாளாய் வேலை செய்தும், விடுமுறையிற் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லியும் பயின்று, 1821இற் பட்டம் பெற்று வெளியேறினார்.

தந்தையார் சென்ற வழியிலேயே மகனும் சென்றார். 1829இல் பொஸ்டன் நகரத்துத் தேவாலயம் ஒன்றிற்குப் போதகரானார். அவ்வாண்டிலேயே எல்லன் ரக்கர் என்னும் இளநங்கையை மணந்தார். ஆனால் அந்த இன்பம் நீடிக்கவில்லை. 1831ஆம் ஆண்டு பெப்ரவரியில், பத்தொன்பதே வயதில், எல்லன் காசநோயால் மாண்டார். எமேர்சனின் உள்ளம் நொறுங்கிற்று. நாள்தோறும் கல்லறைக்கு நடந்து சென்று வந்தார்.

அடுத்த ஆண்டு மற்றொரு சோதனை வந்தது. திருவிருந்துச் சடங்கில் அப்பமும் இரசமும் வழங்கும் வழக்கத்தை உளமார ஏற்று நடத்த இயலாதென அவர் உணர்ந்தார். சபையார் அவர்மீது அன்புடையவர்கள்தாம். எனினும் வழக்கத்தை மாற்ற அவர்கள் இணங்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் வருவாயும் மதிப்பும் நிலைத்திருக்கும். எமேர்சன் அவ்வாறு செய்யவில்லை. நம்பாத சடங்கை நடத்திச் சம்பளம் பெறுவது தகாதெனக் கருதி, 1832இற் பதவியைத் துறந்தார். மனைவியை இழந்து, பதவியையும் இழந்து, உடல் நலமுங் குன்றிய நிலையில், அவ்வாண்டு நத்தார் தினத்தன்று ஒரு சிறு பாய்க்கப்பலில் ஏறி ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தொன்பது.

முதற் காட்சி

மோல்ற்றா, இத்தாலி, பிரான்சு முதலிய நாடுகளைக் கண்டபின், 1833ஆம் ஆண்டு யூலை மாதம் இலண்டன் வந்து சேர்ந்தார். மாளிகைகளையும் கோபுரங்களையும் காண்பது அவர் நோக்கமன்று. தாம் நூல்களிற் படித்து வியந்த பெரியோர் சிலரை நேரிற் கண்டால், தம் மனக்குழப்பத்துக்கு ஒரு தெளிவு பிறக்குமென எண்ணினார்.

ஓகஸ்ட் மாதத்தில் கவிஞர் கோல்ரிட்ஜைக் காணச் சென்றார். முற்பகலிற் சென்றபோது கவிஞர் இன்னும் படுக்கையிலே கிடந்தார். ஒரு மணிக்குமேல் வரச் சொல்லியனுப்பினார். மீண்டுஞ் சென்றபோது, எமேர்சன் சார்ந்திருந்த சமயப் பிரிவையே வந்தவரிடம் வைத்து நெடுநேரம் கண்டித்துப் பேசினார். தாம் அப் பிரிவினர் என எமேர்சன் இடையிற் கூறியும் பேச்சு நிற்கவில்லை. அது உரையாடலாய் அமையாமல் வெறும் காட்சியாகவே முடிந்தது. வந்தவருடைய மனத்தை அறிய அந்த முதியவர் விரும்பவில்லை.

பின்னர், ஏரிகள் சூழ்ந்த வடபகுதியில் வாழ்ந்த கவிஞர் வேர்ட்ஸ்வேர்த்தைக் கண்டார். கண்நோயின் பொருட்டுப் பச்சைக் கண்ணாடி அணிந்திருந்த அக்கவிஞர், தோட்டத்துப் பாதையிலே நின்று, பள்ளிப் பிள்ளை ஒப்புவிப்பதுபோலத் தம் பாடல்களைச் சொன்னார். எமேர்சனுக்கு முதலிற் சிரிப்பு வந்தது. கவிஞரைக் காண இத்தனை தூரம் வந்தோம், அவர் கவி சொல்கிறார், இதிலே சிரிக்க என்ன இருக்கிறது எனத் தம்மைத் தாமே அடக்கிக்கொண்டு ஆவலோடு கேட்டார். எளிமையும் அன்பும் உள்ள மனிதர் அவர். ஆனால் தம் சிறு வட்டத்துக்கு அப்பாலுள்ள விடயங்களில் அவர் கருத்துக்கள் குறுகியனவாய் இருந்தன.

இவ்விருவருக்கும் இடையில், ஸ்கொத்லாந்தின் தனிமையான மலைச்சாரல் ஒன்றில் வாழ்ந்த தோமஸ் கார்லைலைத் தேடிச் சென்றார். அந்நாளிற் கார்லைலைப் பலரும் அறியார். வாடகை வண்டி ஒன்றில் பதினாறு மைல் சென்று, முன்பின் அறிமுகமில்லாத அவ்வீட்டின் கதவைத் தட்டினார். கணவனும் மனைவியும் வந்தவரை உறவினர்போல வரவேற்றனர். மலைமீது நடந்தவாறு இருவரும் ஆன்மாவின் நித்தியத்தைப் பற்றிப் பேசினர். ஓரிரவே அங்கே தங்கினார். ஆயினும் அந்த ஓரிரவில் முளைத்த நட்பு, 1881இற் கார்லைல் இறக்கும்வரை நாற்பத்தேழு ஆண்டுகள் நின்றது. கார்லைலின் நூல் ஒன்று இங்கிலாந்தில் நூல்வடிவம் பெறாதிருந்தபோது, 1836இற் பொஸ்டன் நகரில் அதனை வெளிவரச் செய்தவரும் எமேர்சனே.

திரும்புங் கப்பலில் எமேர்சனின் நெஞ்சில் ஓர் உண்மை உறுதிப்பட்டது. பெரியோர் எனப்படுவோரும் மனிதரே. அவர்களும் தடுமாறுகின்றனர். முதல்தரமான சமய அனுபவத்திலே அவர்களுங் குறைவுடையோரே. ஆகவே தனக்கு வேண்டிய ஒளியைப் பிறரிடம் யாசிப்பதிற் பயனில்லை, அது தன்னுள்ளேயே தேடற்பாலது என்று தெளிந்தார். ஏமாற்றம் எனத் தோன்றிய அப் பயணமே அவரைத் தம் காலில் நிற்கச் செய்தது.

இடைப்பட்ட ஆண்டுகள்

ஊர் திரும்பிய எமேர்சன் கொங்கோட் என்னும் சிற்றூரிற் குடியேறினார். 1835இல் லிடியா ஜக்சன் அம்மையாரை மணந்தார். சொற்பொழிவே அவர் தொழிலாயிற்று. 1837இல் ஹார்வாட் கல்லூரியில் ஆற்றிய பேருரையில், அமெரிக்கக் கல்விமான்கள் ஐரோப்பாவின் எச்சிலை உண்டு வாழ்ந்த காலம் முடிந்துவிட்டதென்னுங் கருத்தை வற்புறுத்தினார். 1841இல் வெளிவந்த கட்டுரைத் தொகுதியில், தன்னையே நம்பும் பண்பைப் பற்றியும், எல்லா உயிர்களிலும் ஊடுருவி நிற்கும் பேரான்மாவைப் பற்றியும் எழுதினார். தன்னை விட்டு ஓடுவதற்காக ஊர் ஊராய்த் திரிபவன் எங்கே சென்றாலும் தன் துயரத்தையே கூட்டிச் செல்கிறான் என்பதும் அத் தொகுதியிற் காணப்படும் கருத்தாகும்.

1842 சனவரியில் ஐந்து வயது நிரம்பிய தலைமகன் வால்டோ செங்காய்ச்சலால் சில நாட்களில் மறைந்தான். அத் துயரைத் தந்தை என்றும் மறந்தாரில்லை. இக்காலத்திலேயே இந்திய நூல்கள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. சாள்ஸ் வில்கின்ஸ் 1785இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பகவத்கீதை 1845இல் அவர் கைக்கு வந்தது. அதனைப் பலமுறை படித்ததோடு அயலிலிருந்த நண்பர்க்கும் இரவல் கொடுத்தார். அந்நாளில் அமெரிக்காவில் அந்நூல் கிடைத்தற்கரியது.

மீண்டும் இங்கிலாந்து

1847இல் லங்காஷயர், யோக்ஷயர் பகுதிகளிலிருந்த தொழிலாளர் கல்விக் கழகங்கள் எமேர்சனைச் சொற்பொழிவாற்ற அழைத்தன. வீட்டையும் மனைவி மக்களையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தம் இளநண்பர் தோரோவிடம் ஒப்புவித்துவிட்டு, ஒக்டோபர் 5ஆந் திகதி புறப்பட்டு, 22ஆந் திகதி லிவர்ப்பூலில் இறங்கினார். சில நாட்களுக்குள் இலண்டன் சென்று, இரவு பத்து மணிக்குக் கார்லைலின் வீட்டுக் கதவைத் தட்டினார். அம்மையார் கதவைத் திறந்தார். கார்லைல் கையில் விளக்குடன் பின்னே நின்றார். நள்ளிரவு கடந்தும் பேச்சு ஓயவில்லை.

இம்முறை எமேர்சன் வெறும் யாத்திரிகர் அல்லர். மன்செஸ்டரில் அறை எடுத்துத் தங்கி, நகர்தோறும் புகையிரதத்திற் சென்று பேசி, மாதக்கணக்காக அந்நாட்டிலே வாழ்ந்தார். அந்த வாழ்விலே அவருக்கு உண்டான முதல் எண்ணங்கள் கருத்தூன்றத்தக்கவை.

முதலில் நிலத்தைக் கண்டு வியந்தார். தேசம் முழுவதுமே ஒரு தோட்டமாகத் தோன்றிற்று. உழுபடை பட்டதுபோலன்றிச் சீப்பால் வாரி விட்டதுபோல வயல்கள் இருந்தன. மனிதக் கை படாத இடமே இல்லை. அமெரிக்க வண்டிகளைப்போல ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் புகையிரதம் ஆறுகளையும் மலைக்குகைகளையுங் கடந்து ஓடிற்று. பயணிகளோ ஒருவரோடொருவர் பேசாது பத்திரிகை படித்துக்கொண்டிருந்தனர். ஆனால் ஆலை நகரங்களில் வானமே தெரியவில்லை. நிலக்கரிப் புகையால் பகலும் இரவும் ஒரு நிறமாயின. வெள்ளாடுகள் கருத்தன. கற்சிலைகளும் கறை பிடித்தன.

அடுத்து மனிதரைக் கண்டார். ஆங்கிலேயன் நிலத்திலே காலை உறுதியாக ஊன்றி நிற்பவன். தன் வேலையை முழுமையாகச் செய்பவன். சொன்ன சொல்லைக் காப்பவன். மழையிலே மடித்த குடையைக் கைத்தடிபோல வீசி நடந்தாலும், விசித்திரமாக உடுத்தாலும் அயலான் திரும்பிப் பாரான். தீவிலே வாழும் ஒவ்வொருவனும் தானே ஒரு தீவு. அறிமுகமில்லாதவரோடு பேச்சு இல்லை. ஆனால் ஒருமுறை வீட்டுக்குள் அழைத்துவிட்டாற் பரிவுக்குக் குறைவில்லை.

அக்காலம் வணிகத்தில் பெரும் வீழ்ச்சி ஏற்பட்ட காலம். ஆலைகள் பல மூடப்பட்டு, பலர் வேலையிழந்தனர். நவம்பர் மாதம் மன்செஸ்டரில் நடந்த ஒரு பெருவிருந்தில் எமேர்சன் பேசவேண்டி வந்தது. முகத்துதி கூற அவர் விரும்பவில்லை. செழிப்பான நாளிற் காட்டும் சிறப்பைவிட, புயலடிக்கும் நாளிற் காட்டும் திடமே ஒரு சாதியாரின் உண்மை மதிப்பென்றும், அத் திடம் இங்கிலாந்திடம் உண்டெனத் தாம் நம்புவதாகவும், அது இல்லையென்றானால் உலகின் நம்பிக்கை இனி அமெரிக்காவையே சார்ந்து நிற்குமென்றும் கருத்துப்பட உரைத்தார்.

பகலில் மேடையிற் பேசிய அந்த மனிதரை மாலையில் தெருவிலே மற்றொரு காட்சி வாட்டிற்று. கந்தையுடுத்த தாய்மாரோடு, குளிர்ச் சேற்றிலே வெறுங்காலுடன் சின்னஞ்சிறு பெண்குழந்தைகள் நடந்தன. அவருடைய மகள் ஈடித்துக்கு அப்போது ஆறு வயது. அதே வயதும் அதே உயரமும் உள்ள அக் குழந்தைகளைக் காணுந்தோறும், அந்த முகம் தம் மகளின் முகத்தை ஒத்திருக்குமோ என்ற அச்சத்தோடு குனிந்து பார்ப்பார். கையிலுள்ள காசைக் கொடுப்பார். வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், ஈடித்தின் பொருட்டுத் தமக்கு நாள்தோறுங் காசு செலவாகின்றதென எழுதினார். ஒரு மகனைக் குழியில் வைத்த தந்தையல்லவா? பிறர் குழந்தையைத் தம் குழந்தையாகக் காணும் அந்தப் பார்வையை, எல்லா உயிரிலும் ஓருயிரைக் காணும் தத்துவத்தின் நடைமுறை என்றே நாம் கொள்ளல் வேண்டும். ஆயிரம் ஆலைகளைக் கண்டு வியந்த கண்களே அவ் வெறுங்கால்களையுங் கண்டன.

செல்வமும் அதன் விலையும்

1848 மார்ச்சு மாதம் இலண்டன் சென்று, தம் நூல்களை வெளியிட்ட ஒருவரின் வீட்டில் தங்கினார். டிக்கின்ஸ், ரெனிசன் முதலிய எழுத்தாளரையும் பிரபுக்களையும் கண்டார். ஒக்ஸ்போட்டுக்குச் சென்றபோது, அங்குள்ள பழம்பெரும் நூலகத்தில் நூல்களின் பாதுகாப்புக் கருதி விளக்கோ நெருப்போ ஏற்றுவதே இல்லை என்பதை வியந்து குறித்துக்கொண்டார். மே மாதம் பாரிசுக்குச் சென்று, புரட்சிக்குத் தடுப்பரண் போட வீதி மரங்கள் வெட்டப்பட்டிருந்ததையும் பார்த்தார். இத்தனை மரங்களின் விலைக்குப் புரட்சி ஈடாகுமா என்பதை ஆண்டு முடிவிலே கணக்குப் பார்க்கவேண்டும் என்பது அவர் எண்ணம்.

இங்கிலாந்தின் செல்வத்தை அவர் பழிக்கவில்லை. உழைப்பாலும் சிக்கனத்தாலும் இயந்திரத் திறனாலும் வந்த செல்வம் அது எனப் பாராட்டினார். ஆனால் அதற்குக் கொடுத்த விலையையும் எண்ணிப் பார்த்தார். இயந்திரத்தை ஆள்பவனென எண்ணிய மனிதனை இயந்திரமே ஆள்கின்றது. வாழ்நாள் முழுதும் ஊசிமுனை தீட்டுபவன் முழுமனிதனாய் வளர இடமில்லை. உணவிலுந் துணியிலுங் கலப்படம் பெருகுகின்றது. வறுமை அங்கே துன்பமாக மட்டுமன்று, அவமானமாகவும் எண்ணப்படுகின்றது. சமயமோ அரசின் துணையோடு நிற்கும் கண்ணியமான வழக்கமாய்ச் சுருங்கிவிட்டது. பிற நாடுகளோடு இங்கிலாந்து நடந்துகொண்ட முறை பெருந்தன்மையும் நீதியும் உடையதாய் இருந்தது அருமையே என்பதையும் அவர் மறையாது எழுதினார்.

யூலை மாதத்தில் கார்லைலும் எமேர்சனும் ஸ்ரோன்ஹெஞ்ச் என்னும் பழைய கல்வட்டத்தைக் காணச் சென்றனர். பரந்த வெளியிலே காற்று வீச, யார் நட்டனரென அறியப்படாத அப் பெருங்கற்களை இருவரும் சுற்றிச் சுற்றி வந்தனர். வானம்பாடிகள் பாடின. கார்லைல் இங்கிலாந்தின் பெருமையைப் பேசினார். எமேர்சனின் மனமோ வேறு திசையில் சென்றது. அமெரிக்காவின் விரிந்த நிலத்தை நினைத்தபோது, இங்கிலாந்து ஒரு நாள் மூப்படைந்து தன் மக்களின் வலிமையிலே மனநிறைவு காணும் தாயாகிவிடும் என்றே அவருக்குப் பட்டது. அப் பயணத்தில், வின்செஸ்டர் அருகே 1136ஆம் ஆண்டளவில் நிறுவப்பட்ட அறச்சாலை ஒன்றில், வழிப்போக்கர்க்கு அப்பமுஞ் சிறிது மதுவும் வழங்கும் பழைய தருமம் நின்றுவிடாதிருப்பதைக் கண்டு, இருவரும் கேட்டு வாங்கினர். ஏழைகளுக்கென விட்ட பொருளில் ஆண்டுக்கு 2000 பவுண் அச்சாலைத் தலைவரிடம் போய்ச் சேர, ஏழைக்கு எஞ்சியது இந்த அப்பத்துண்டே என அறிந்து கார்லைல் சீறினார். தரும சொத்தைப் பரிபாலிப்போர் எந் நாட்டினராயினும் இதனை நெஞ்சில் வைத்தல் நன்று.

அப் பயணத்தின்போது வேறு பேச்சும் நிகழ்ந்தது. அமெரிக்காவுக்கென்று தனிக் கருத்து ஏதேனும் உண்டா என நண்பர் கேட்டனர். எமேர்சன் தம் நாட்டுப் பாராளுமன்றத்தையோ வணிகத்தையோ எடுத்துச் சொல்லவில்லை. வன்முறையால் எதிர்க்காமை, பிறர் ஆளவேண்டாதபடி தன்னைத்தான் ஆளுதல் என்னும் கொள்கைகளையே எடுத்துக் கூறினார். கேட்டவர்க்கு அது நகைப்பை ஊட்டியது. ஆனால் அதே வேளையில் கொங்கோட்டில் அவர் வீட்டைக் காத்து நின்ற தோரோ, அநீதியான அரசுக்கு வரி கொடுக்க மறுத்து 1846இல் ஓரிரவு சிறையிருந்தவர். அவர் 1849இல் வெளியிட்ட கட்டுரை பிற்காலத்திற் காந்தியடிகளுக்கு உரமூட்டிற்று. நகைப்புக்கிடமான கருத்து, நூறு ஆண்டுகளுக்குள் ஒரு பேரரசையே அசைத்தது.

நூலும் அதன் குறையும்

1848 யூலையில் எமேர்சன் ஊர் திரும்பினார். கண்டவற்றை உடனே நூலாக்கி விற்றாரல்லர். எட்டாண்டுகள் சிந்தித்து, 1856இற் பத்தொன்பது அதிகாரங்கள் கொண்ட நூலை வெளியிட்டார். முதற் பயணத்து ஏமாற்றமும் மன்செஸ்டர்ப் பேச்சும் அதில் அடங்கியுள்ளன.

அந் நூல் குற்றமற்றதன்று. ஒரு சாதியாரின் உயர்வுக்கு இரத்தமும் இனமும் காரணமென்ற அக்காலத்து எண்ணம் அதில் இடம் பெற்றுள்ளது. அடிமைமுறையை எதிர்த்து 1844இலேயே உரத்துப் பேசிய ஒருவர், இனப் பெருமைப் பேச்சிலிருந்து முற்றாக விடுபடவில்லை என்பது வருந்தத்தக்கது. எல்லாரிடத்தும் ஓரான்மா உறைகின்றதென்ற அவருடைய சொந்தத் தத்துவமே அக்குறையைத் திருத்தப் போதியது. பெரியோரின் குறையை மூடி மறைப்பது பக்தியாகாது. தாம் கண்ட பெரியோரை எமேர்சன் எவ்வாறு நோக்கினாரோ, அவ்வாறே நாமும் அவரை நோக்குதல் முறையாகும்.

கீதை காட்டிய வழி

இங்கிலாந்தைப் பற்றிய அந் நூலிலேயே கீதையின் பெயரும் வருகின்றது. பொருளையும் பயனையுமே கருதும் ஆங்கில மனம் உயர்ந்த தத்துவத்துக்கு இடங் கொடுப்பதில்லை எனக் குறைப்பட்ட இடத்தில், வில்கின்சின் கீதை மொழிபெயர்ப்பை முன்னுரையுடன் தம் நாட்டார்க்கு அளித்த வாரன் ஹேஸ்டிங்ஸை எமேர்சன் நினைவு கூருகின்றார். ஐரோப்பிய அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு இந்திய நூலை நோக்கவேண்டுமென ஹேஸ்டிங்ஸ் வேண்டியதை அவர் ஏற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு, 1857 நவம்பரில், பிரமம் என்பதைப் பெயராகக் கொண்ட அவருடைய கவிதை வெளிவந்தது. அதனைப் படித்த அமெரிக்கர் பலர் பொருள் விளங்காது கேலி செய்தனர். கீதையும் உபநிடதமும் பயின்ற நம்மவர்க்கோ அதில் விளங்காதது ஒன்றுமில்லை.

இந்திய நூல்கள் கொங்கோட்டுக்குச் சென்ற வழியும் வியப்புக்குரியது. அங்கு வந்து தோரோவோடு பழகிய ஆங்கிலேயர் ஒருவர், 1855இல் இங்கிலாந்திலிருந்து நாற்பத்துநான்கு நூல்களைப் பரிசாக அனுப்பினார். அவற்றுட் பெரும்பாலானவை இந்து சமய நூல்கள். 1862இல் தோரோ இறந்தபோது அவற்றுட் சில எமேர்சனைச் சேர்ந்தன. ஆலைகளின் நாடெனத் தாம் கண்ட இங்கிலாந்தின் வழியாகவே வேதாந்தச் செல்வம் அவர் வாசலுக்கு வந்தது. ஆதலால் எந்த நாட்டையும் ஒரே சொல்லாற் புகழ்ந்துவிடவும் கூடாது, ஒரே சொல்லால் இகழ்ந்துவிடவும் கூடாது.

1872 யூலையில் எமேர்சனின் வீடு தீப்பற்றி எரிந்தது. நினைவு தளர்ந்திருந்த அவரை நண்பர்கள் பொருளுதவி செய்து மூன்றாம் முறையாக ஐரோப்பாவுக்கும் எகிப்துக்கும் அனுப்பினர். ஒக்ஸ்போட்டில், இருக்கு வேதத்தைப் பதிப்பித்த மக்ஸ் முல்லரின் விருந்தினராகத் தங்கினார். 1873 மே மாதத்தில் திரும்பியபோது, ஊரார் மணியடித்து, பிள்ளைகளை அணிவகுத்து நிறுத்தி, எரிந்த வீட்டைப் பழையபடியே கட்டி முடித்து அவரை வரவேற்றனர். கார்லைல் இறந்த மறு ஆண்டில், 1882 ஏப்ரல் 27ஆந் திகதி, எமேர்சனும் இவ்வுலக வாழ்வை நீத்தார். பல ஆண்டுகளின் பின், 1909இல், தென்னாபிரிக்கச் சிறையிலிருந்து மகனுக்கு எழுதிய கடிதத்திலே காந்தியடிகள் எமேர்சனின் கட்டுரைகளைப் படிக்கத் தூண்டினார்.

கல்விக்காகவும் தொழிலுக்காகவும் நம் இளைஞர் பலர் கடல் கடந்து செல்கின்றனர். அங்குள்ள ஒழுங்கையும் உழைப்பையும் வாய்மையையும் அவர்கள் கூச்சமின்றிக் கற்கட்டும். பெரும் பெயர்களைக் கேட்டுத் தம் சிந்தையை அடகு வையாதிருக்கட்டும். மாளிகையைப் பார்க்கும் கண், சேற்றில் நடக்கும் குழந்தையையும் பார்க்கட்டும். தம் வீட்டுப் பெட்டகத்தில் உள்ள கீதையின் அருமையை மற்றொருவர் வந்து சொல்லும்வரை காத்திராது, தாமே திறந்து படிக்கட்டும். எமேர்சன் என்னும் அமெரிக்கருக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவேயாகும்.